புரதம் செய்யாத நாட்கள்

அந்த வார்டின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. செருப்பை வெளியே விடவும், பழம் கொண்டுவர வேண்டாம், இரண்டு பேருக்கு மேல் உள்ளே வர வேண்டாம் என்பதெல்லாம் எந்த வார்டிலும் இருப்பதுதான். கடைசி வரி மட்டும் இங்கே புதுசு: ‘நோயாளியிடம் முக்கியமான செய்தி எதையும் சொல்ல வேண்டாம், தங்காது.’ ஆஸ்பத்திரிக் காகிதங்களில் அதற்குப் புரத நிறுத்தச் சிகிச்சைப் பிரிவு என்று பெயர். திருநெல்வேலி ஆட்டோக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் விழிப்பார்கள். மறதி வார்டு என்றால் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்.

முப்பிடாதி அந்தப் பலகைக்கு நேர் கீழே, இட்லித் தூக்கும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"ஏ முப்பிடா, எங்க அக்கா போயிட்டாட்டி."

அப்பாவின் அக்கா முப்பிடாதிக்கு அத்தை. அத்தை மகன் கொம்பையாவைக் கட்டிய பிறகு மாமியாரும் ஆனவள். பெயர் சொர்ணத்தாய். காலையில் பக்கத்து வீட்டுக்காரி காப்பி கொண்டுபோய் வைத்திருக்கிறாள். சூடு ஆறி ஆடை படிந்த பிறகும் குடிக்காமல் கிடக்கவே தொட்டுப் பார்த்திருக்கிறாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. வயசுதான்.

"ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு மத்தியானம் எடுக்கணும். மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு. ஒத்தப் பிள்ளை, அவன் கொள்ளி வைக்காம யாரு வைக்க?"

"எப்பா, அவிய இருக்கிற நிலைமை உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன நிலைமை? நேத்து என்கிட்ட போன்ல நல்லாத்தான பேசினான். டிரான்ஸ்பார்மர் வெடிச்ச கதைய அரை மணி நேரம் சொன்னான்."

"முந்தாநாளும் அதையேதான சொன்னாவ?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆமா. அதேதான்."

இதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். கொம்பையா மின்வாரியத்தில் லைன்மேன். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயல்களுக்கு நடுவே உள்ள கம்பங்களெல்லாம் அவன் பொறுப்பு. அந்த வருஷம் வயல்காட்டுப் பக்கம் கொக்குக் காய்ச்சல் பரவியது. கொக்கின் உடம்பில் சாதுவாகக் கிடக்கும் வைரஸ், கொசு வழியாக மனிதனுக்கு வந்தால் நேரே மூளைக்கு ஏறிவிடும். முன்பெல்லாம் ஏறிவிட்டால் ஏறியதுதான். பிழைத்தவர்களுக்கும் கை இழுத்துக்கொள்ளும், பேச்சு குழறும். இந்த வார்டில் போடும் ஊசி வந்த பிறகுதான் பிழைக்கிறவர்கள் முழுசாகப் பிழைக்கிறார்கள்.

கொம்பையாவைச் சேர்த்த அன்று, டாக்டர் ஷமீமா முப்பிடாதியை உட்காரவைத்து முதலில் கேட்டது, "நீங்க என்ன தொழில் பாக்கறீங்க அக்கா?"

"மாவுக்கடை. இட்லி மாவு அரைச்சுக் குடுக்கேன்."

"அப்ப சுலபமாப் புரிஞ்சிரும். உங்க கிரைண்டர் ஓடிக்கிட்டிருக்கு. நீங்க அந்தப் பக்கம் திரும்பின நேரமாப் பாத்து எவனோ ஒருத்தன் வந்து அவன் அரிசியைக் கொட்டிட்டான். கல்லு உங்களோடது, கரண்டு உங்களோடது, மாவு அவனுக்கு. என்ன செய்வீங்க?"

"சுவிட்ச அமத்திருவேன்."

"மூளையில இருக்கிற செல்லும் அதைத்தான் செய்யுது. வைரஸுக்குன்னு சொந்தமா கிரைண்டர் கிடையாது. செல்லுக்குள்ள புகுந்து, செல் புரதம் செய்யற அதே இடத்துல தன்னோட புரதத்தைச் செஞ்சுக்கும். செல்லுக்குள்ள காவலுக்குன்னே ஒரு புரதம் உண்டு. வைரஸைக் கண்டதும் அது சுவிட்சை அமத்திரும், பக்கத்துச் செல்லுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிரும். ஆனா இந்தக் காய்ச்சல்ல அது முழிக்கறதுக்குள்ள வைரஸ் பத்து தெரு தாண்டிருது. நாங்க போடற ஊசி, வைரஸ் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே எல்லாத் தெருவுலயும் சுவிட்சை அமத்திரும். அரைக்கக் கல்லு கிடைக்காம அது பட்டினியில சாகும்."

"அப்ப நம்ம மாவு?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அதுதான் இதுல கஷ்டம். ஏற்கெனவே அரைச்சு வச்சதுல கொஞ்ச நாள் ஓட்டலாம். பேசுவார், நடப்பார், உங்களைத் தெரியும், பழசு எல்லாம் தெரியும். ஆனா இன்னைக்கு நடந்தது நாளைக்கும் ஞாபகத்துல நிக்கணும்னா செல் புதுசாப் புரதம் செய்யணும். அது நின்னுபோச்சே. ரெண்டு மூணு மணி நேரம் மனசுல நிக்கும். ஒரு தூக்கம் போட்டு எழுந்தா அழிச்ச சிலேட்டுதான். ஊசி முடிஞ்ச பிறகு பழையபடி ஆயிடுவார். இடையில இருக்கற நாட்கள் மட்டும் அவர் கணக்குல வராது."

அப்படித்தான் ஆனது. கொம்பையா காலையில் எழுந்து தினத்தாளை வரி விடாமல் படிப்பான். மத்தியானம் தூங்கி எழுந்து அதே தாளை அதே ஆர்வத்தோடு படிப்பான். ஜெசிந்தா சிஸ்டர் ஊசியோடு வந்தால், "கரண்டுக்காரனுக்கே ஷாக் குடுக்கீகளே சிஸ்டர்" என்பான். ஜெசிந்தா ஒவ்வொரு முறையும் புதுசாகக் கேட்பதுபோல் சிரிப்பாள். "சிரிக்கலேன்னா முகம் வாடிருதுக்கா. நமக்கென்ன, ஒரு சிரிப்புதான" என்று முப்பிடாதியிடம் சொன்னாள்.

ஆனால் வந்து போகிறவர்கள் எல்லாரும் ஜெசிந்தாவைப் போல இருக்கவில்லை. எதைச் சொன்னாலும் தங்காது என்று தெரிந்துவிட்டால் மனிதர்களுக்கு வாய் ஒரு மாதிரி திறந்துகொள்கிறது. பெண்கள் பகுதியில் ஒரு பெண், தான் விரும்பும் பையனைப் பற்றித் தன் அம்மாவிடம் தினமும் ஒரு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்படிச் சொன்னால் அம்மா குறைவாகக் கத்துகிறாள் என்று. கொம்பையாவுக்கு அடுத்த கட்டிலில் அருணாசலம் என்று ஓய்வுபெற்ற கூட்டுறவு சங்கச் செயலாளர். அவர் மகன் சாயங்காலம் வருவான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தங்கச்சிக்கு எழுதிவைத்த வீட்டைச் சொல்லிச் சொல்லி அப்பாவைத் திட்டுவான். திட்டி முடித்து, முகம் கழுவிக்கொண்டு, இலகுவாகப் போய்விடுவான். அவருக்கு மறுநாள் ஒன்றும் நினைவிருக்காது. "வாடா ராசா" என்றுதான் வரவேற்பார். அது முதல் சில நாட்கள். அப்புறம் மகன் வாசலில் தலை காட்டியதுமே போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஏன் சார் என்று கேட்டால், "தெரியலையேம்மா, குளிருது" என்பார்.

முப்பிடாதி அதைப் பார்த்திருந்தாள். பார்த்து, வயசானவர் என்று விட்டிருந்தாள்.

அப்பாவின் போனை வைத்ததும் அவள் கொம்பையாவிடம் போகவில்லை. டாக்டர் ஷமீமாவைத் தேடிப் போனாள்.

"கூட்டிட்டுப் போகலாம்" என்றார் டாக்டர். "ஆம்புலன்ஸ் தரேன், ஜெசிந்தாவையும் அனுப்பறேன். போய் வர முடியும். ஆனா அம்மாவுக்குக் கொள்ளி வச்சது அவருக்கு ஞாபகம் இருக்காது. இருக்கணும்னா இன்னைக்குச் சாயங்கால ஊசியை நிறுத்தணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள செல் வேலையை ஆரம்பிச்சிரும்."

"வைரஸும் ஆரம்பிச்சிரும்."

"ஆமாக்கா. அவருக்கு இன்னும் பாதி ஊசி பாக்கி இருக்கு."

"இதுக்கு முன்னால யாருக்கும் அப்படி நிறுத்தியிருக்கீங்களா?"

"பத்துப் பேருக்கு. ஏழு பேர் நடந்து வீட்டுக்குப் போனாங்க."

மற்ற மூன்று பேரைப் பற்றி முப்பிடாதி கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

"இதுல நீங்களும் முடிவு எடுக்க முடியாது, நானும் எடுக்க முடியாது. அவர் புத்தி தெளிவாத்தான் இருக்கு, அதனால அவரைத்தான் கேக்கணும். ஆனா சொன்ன பதில் அவருக்கே நினைவிருக்காது. அதனால இங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம். மூணு தடவை கேப்போம், ஒவ்வொரு தடவையும் ஒரு தூக்கத்துக்குப் பிறகு. மூணு தடவையும் ஒரே பதில் வந்தா அதுதான் அவர் முடிவு. ஒண்ணு மாறினாலும் ஊசி தொடரும்."

"கேக்கணும்னா முதல்ல சொல்லணுமே டாக்டர்."

"ஆமா."

"மூணு தடவையும்."

டாக்டர் தலையை ஆட்டினார். "நான் வேணா சொல்றேன்க்கா."

"வேண்டாம். வெளியாள் சொல்லிக் கேக்க வேண்டிய சேதியா அது?"

முதல் முறை அவளால் சொல்லவே முடியவில்லை. இட்லியை எடுத்து வைத்தாள், சட்னியைத் திறந்தாள், மூடினாள். கொம்பையா, "என்னட்டி, சட்னி ஊசிப்போச்சா?" என்றான். "இல்ல அத்தான். அத்தை…" என்று ஆரம்பித்து, அப்புறம் எப்படியோ துண்டு துண்டாக வந்தது. அவன் இட்லியைக் கையில் பிடித்தபடியே இருந்தான். பிறகு தட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதான். டாக்டர் பக்கத்தில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னார். மூன்று பேர் கதையையும் மறைக்காமல் சொன்னார்.

"நிறுத்துங்க" என்றான் கொம்பையா. "நான் கொள்ளி வைக்கணும். வச்சது எனக்குத் தெரியணும். நான் வச்சேனா வைக்கலையான்னு ஊர்ல ஒவ்வொருத்தன்கிட்டயா கேட்டுக்கிட்டு அலைய முடியுமா?"

காலை ஊசி போட்டதும் தூங்கிப்போனான்.

மத்தியானம் எழுந்தபோது தினத்தாளை எடுத்தான், ஆனால் விரிக்கவில்லை. ஜெசிந்தா வந்து நின்றாள். அவன் ஷாக் என்று சொல்லவில்லை. அவள் சிரிக்கத் தயாராக நின்று, அப்புறம் வேறு வேலை இருப்பதுபோல் போய்விட்டாள்.

"என்னமோ போல இருக்குட்டி" என்றான் முப்பிடாதியிடம். "நெஞ்சுக்குள்ள ஈரத்துணியப் போட்டு வச்ச மாதிரி. கெட்ட கனவு ஏதும் கண்டேனா? கத்தினேனா?"

"இல்லையே."

"ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காவளா?"

இரண்டாவது முறை அவள் சொன்னாள். அவள் ‘அத்தை’ என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவன் கண் நிறைந்துவிட்டது. இந்த முறை சத்தம் போட்டு அழுதான். அருணாசலம் சார் எழுந்து வந்து அவன் முதுகைத் தடவிவிட்டு, எதற்கென்று கேட்காமலே திரும்பிப் போனார். டாக்டர் கேட்டதற்குக் கொம்பையா அதே பதிலைச் சொன்னான், ஏறக்குறைய அதே வார்த்தைகளில்.

அவன் தூங்கியதும் முப்பிடாதி டாக்டரை வராந்தாவில் நிறுத்தினாள்.

"அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் சொல்லுமுன்னேயே முகம் மாறிட்டு."

"தெரிஞ்சிருக்காது அக்கா. செய்தி தங்க வழியே இல்லை."

"செய்தி தங்கல. ஆனா அழுகை தங்கியிருக்கு." அவள் உள்ளே கை காட்டினாள். "அந்த சாரைப் பாருங்க. மகனைக் கண்டா போர்வைய இழுக்காவ. ஏன்னு கேட்டா குளிருதுங்காவ."

டாக்டர் ஷமீமா கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த நேரத்தில் இன்னும் சின்னப் பெண்ணாகத் தெரிந்தார்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது" என்றார் கடைசியில். "எங்களுக்கும் சந்தேகம் உண்டு. என்ன நடந்தது, எப்ப நடந்தது, இதையெல்லாம் வைக்க ஒரு இடம். பயம், துக்கம், பாசம் இதுக்கு வேற இடம். ஊசி முதல் இடத்தை நல்லா மூடுது. ரெண்டாவது இடத்துல ஒரு கதவு சரியா மூடலையோ என்னவோ. வீட்டுக்குப் போனவங்க சில பேர் திரும்பி வந்து, காரணமே இல்லாம அழுகை வருது டாக்டர்னு சொல்றாங்க. காய்ச்சலோட அலுப்புன்னு எழுதி அனுப்பினோம்."

"அப்ப மூணாவது தடவையும் சொன்னா?"

"மூணு தடவை பட்ட துக்கம் சேர்ந்து உக்காரும். எதுக்குன்னு அவருக்குத் தெரியாது."

"சொல்லலேன்னா?"

"மூணாவது பதில் இல்லை. ஊசி தொடரும். அவர் ஆசைப்பட்டது நடக்காது."

முப்பிடாதி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே யாரோ ஒருத்தி, பிளாஸ்டிக் பையை விரித்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னது அவன், இரண்டு முறை, புத்தி தெளிந்து. அவன் நினைக்க வேண்டியதை அவள் நினைத்து முடிவெடுக்க என்ன உரிமை? வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் பிழைப்பான். பிழைத்து வந்து கேட்பானே, என்னைக் கேட்காமல் நீயே தீர்மானித்தாயா என்று. சொன்னால், அவன் மூன்றாவது முறையும் அதையே சொன்னால், ஏழு பேரில் ஒருவனாக நடந்து வருவானா, அந்த மூன்று பேரில் ஒருவனாக ஆவானா?

அப்பா இதற்குள் நான்கு முறை போன் செய்துவிட்டார். பந்தல் போட்டாச்சாம். கோயம்புத்தூரில் படிக்கும் அவள் மகளும் பஸ் ஏறிவிட்டாளாம். அவர் எதையும் கட்டாயப்படுத்திச் சொல்லவில்லை. "நீ என்ன சொல்லுதியோ அதுதான்" என்று சொல்லிவிட்டு, கட்டாயப்படுத்துவதைவிட மோசமாக மூச்சு வாங்கினார்.

சாயங்காலம் கொம்பையா எழுந்து உட்கார்ந்தான். முகம் வீங்கியிருந்தது. டாக்டர் கட்டில் தலைமாட்டில் நின்றார். முப்பிடாதி அவன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொன்னாள். காலையில் பக்கத்து வீட்டுக்காரி காப்பி கொண்டுபோனது, ஆடை படிந்தது, தொட்டுப் பார்த்தது, ஐஸ் பெட்டி, நாளை மத்தியானம் எடுப்பது, ஊசி, பத்துப் பேர், மூன்று பேர். எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

கொம்பையா அழுதான். ஆனால் அழுதுகொண்டே அவள் முகத்தையே பார்த்தான்.

"ஏட்டி, எங்க அம்மா செத்தத நீ திக்காம சொல்லுத."

முப்பிடாதி ஸ்டூலைச் சற்றுப் பின்னால் நகர்த்தினாள்.

"பாடம் ஒப்பிச்ச மாதிரி சொல்லுத. இது எத்தனாவது தடவை?"

முப்பிடாதி டாக்டரைப் பார்த்தாள். முந்தைய பதில்களைச் சொல்லக் கூடாது என்பது அந்த வழக்கத்தில் ஒரு பகுதி. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணாவது" என்றாள்.

"முதல் ரெண்டு தடவை நான் என்ன சொன்னேன்?"

பொய் சொல்ல அதைவிட நல்ல இடம் அவளுக்குக் கிடைத்திருக்காது. வேண்டாம்னு சொன்னீங்க என்றால் முடிந்தது. ஆனால் பதினெட்டு வருஷமாக அவன் கம்பத்தில் ஏறும்போதெல்லாம் கீழிருந்து, ‘லைன் ஆஃப்’ என்று கத்துகிற ஆளை நம்பித்தான் கையை வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவனிடம் அவளுக்கு அது வரவில்லை.

"நிறுத்தச் சொன்னீங்க. ரெண்டு தடவையும்."

கொம்பையா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். ரொம்ப நேரம் துண்டை எடுக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"என்னை யாரு கேட்டா?"

"நான் கேக்கல?"

"இல்ல."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும் கேக்கல அத்தான்."

அடுத்த கட்டிலில் அருணாசலம் சார் புரண்டு படுத்தார். கொம்பையா துண்டை மடித்து மடியில் வைத்தான், சட்டையை மடிப்பதுபோல் ஓரம் சரிபார்த்து.

"டாக்டரம்மா, ஊசி போடுங்க" என்றான். "நாளைக்குப் போறேன், கொள்ளியும் வைக்கேன். ஞாபகம் இல்லேன்னா போகுது." அப்புறம் முப்பிடாதியிடம், "நீ கூட நின்னு பாரு. பாத்து வச்சிருந்து, பொறவு எனக்குச் சொல்லு."

"எங்க, சுடுகாட்டுலயா? பொம்பளை எப்படி அங்க வர?"

"வேற யாரு பாக்க? எங்க பெரியப்பா மகன் ராசையாவா? அவன் நடந்ததையும் சொல்லுவான், நடக்காததையும் சொல்லுவான்."

ஊசியோடு வந்து நின்ற ஜெசிந்தா, "வீடியோ எடுத்துக்கலாமேண்ணே" என்றாள்.

"எடுக்கலாம். வீடியோவுல என்னைப் பாப்பேன், யாரோ ஒருத்தன் மாதிரி நிப்பேன். அது எனக்கு எதுக்கு? எங்க அம்மா என்னைய வளத்த மாதிரிதான் இவளையும் வளத்தா. இவ பாத்ததைச் சொன்னா நான் பாத்த மாதிரிதான்." ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டான். "நாளைக்குக் காலைல திரும்பவும் சொல்லணும் நீ. மெதுவாச் சொல்லு. தெரிஞ்சவ மாதிரி சொல்லாத."

மறுநாள் ஆம்புலன்சில் நான்காவது முறை சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

ஊரில் பெண்கள் தெருமுக்கு வரைக்கும்தான். அங்கே பாடையை இறக்கி, சுற்றி வந்து, அழுது, திரும்பி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட வேண்டும். அதற்குமேல் ஆண்கள். அன்றைக்கும் பெண்கள் முக்கில் நின்றார்கள். பாடை கிளம்பியது. முப்பிடாதி நிற்கவில்லை. கொம்பையாவுக்கு இரண்டடி பின்னால் நடந்தாள்.

"முப்பிடா, நில்லுட்டி" என்றார் அப்பா. "எங்க வார?"

"அவிய பாக்கச் சொல்லியிருக்காவ."

"ஊரு என்ன பேசும்?"

"ஊருக்கு ஞாபகம் நல்லாத்தான்பா இருக்கும். அவியளுக்குத்தான் இருக்காது."

முன்னால் போன ராசையா திரும்பி, "இதென்ன புதுப் பழக்கம் மாமா, மருமவ சுடுகாட்டுக்கு வாரது?" என்றான். கொம்பையா வராவிட்டால் கொள்ளிக்குடம் அவன் தோளுக்குத்தான் வந்திருக்கும். அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து நடந்தார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாவிதரிடம் அவளே போய்ச் சொன்னாள், மொட்டை வேண்டாம், பேருக்கு ஒரு கொத்து எடுத்தால் போதும் என்று. நாளைக் காலை எழுந்து கொம்பையா தலையைத் தடவினால் யார் செத்தது என்று கேட்பான். நாவிதர் கத்தியைத் துடைத்தபடி ஒரு நிமிஷம் யோசித்து, "பதினாறுக்கு எடுத்துக்கலாம் தாயி, அதுக்குள்ள தேறிருவாரு" என்றார்.

கொள்ளி வைக்கிறவன் சிதையைப் பார்க்கக் கூடாது என்பது முப்பிடாதிக்கு அன்றுதான் தெரியும். கொம்பையா தோளில் குடத்தோடு மூன்று சுற்று வந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொத்தல், தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தான். முதுகைச் சிதைக்குக் காட்டி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய் நெருப்பை வைத்தான். வைத்ததும் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பாதே, திரும்பாதே என்று. அங்கே இருந்தவர்களில் சிதையில் நெருப்பு பிடித்ததைப் பார்க்காதவன் மகன் ஒருவன்தான். அவள் பார்த்தாள். கடைசிவரை நின்று பார்த்தாள்.

மீதி ஊசி நாட்களில் அவள் அவனிடம் சாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. காலையில் எழுந்து, நெஞ்சுக்குள் ஈரத்துணி என்பான். அவள் வேறு பேச்சு எடுப்பாள். அத்தையைப் பற்றித்தான் பேசுவாள். இவர்கள் கல்யாணத்தன்று வந்தவர்களின் செருப்பையெல்லாம் எண்ணி வைத்துவிட்டு, யார் வந்தாலும் ‘உன் செருப்பு எது’ என்று விசாரணை நடத்தியது. டிவியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் வணக்கம் சொன்னது. அவன் சிரிப்பான். சிரித்தது மறுநாள் அவன் நினைவில் இருக்காது, ஆனால் சிரிப்பு எங்கேயாவது தங்குமே என்று அவள் தன்னளவில் ஒரு கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் ஷமீமா அதைக் கேள்விப்பட்டு, வாசல் பலகையின் கடைசி வரியை அழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார்: ‘நோயாளியிடம் எதைச் சொன்னாலும் அன்பாகச் சொல்லவும்.’ அருணாசலம் சாரின் மகன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, அன்றைக்கு உள்ளே வராமலே போனான்.

ஊசி நின்று, ஞாபகத்தைச் சோதித்து, ஒன்று விடாமல் தேறிய பிறகு, முப்பிடாதி அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். காப்பி கொடுத்தாள். ஐந்தாவது முறையாகவும் கடைசி முறையாகவும் சொன்னாள்.

கொம்பையா அழவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கேட்டான்.

"இதுதானா?" என்றான். "இத்தனை நாளா எதுக்குன்னு தெரியாம இருந்துச்சுட்டி. இப்ப பேரு தெரிஞ்சிட்டு."

"பாத்ததையும் சொல்லட்டுமா?"

"சொல்லு."

அவள் சொன்னாள். குடத்துத் தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது, அவன் கை பின்னால் தடுமாறியபோது அப்பா மணிக்கட்டைப் பிடித்து இடம் காட்டியது, நெருப்பு முதலில் பிடிக்காமல் புகைந்தது, ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்ததும் ஒரே மூச்சில் ஏறியது, அத்தையின் கால் பக்கம் வைத்த வறட்டி ஒன்று உருண்டு விழுந்து வெட்டியான் அதை எடுத்து வைத்தது. எதையும் விடவில்லை. சொல்லி முடித்து, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கடைக்கு அரிசி ஊறப்போட வேண்டும். இத்தனை நாளாகக் கிரைண்டர் நின்று கிடந்தது.

"முப்பிடா, அத வச்சுட்டு இங்க வா."

"என்ன?"

"வா, இப்படி உக்காரு."

அவன் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்ததும் டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாதவனைப் போலக் கொஞ்ச நேரம் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா போனில் தன் அக்கா போய்விட்டதைச் சொன்னார். அவள் அவனிடம் அவன் அம்மா போய்விட்டதைச் சொன்னாள், திரும்பத் திரும்ப.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் கொம்பையா. "பதறாத. உங்க அத்தை போயிட்டாவ."

முப்பிடாதி அவன் முகத்தைப் பார்த்தாள். "எப்ப?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.